பிள்ளை உட்கார்ந்திருப்பாள்

மறுபடியும் அதே பக்கம்தான். திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது, இதோ கதவைத் திறக்கப் போகிறேன் என்கிற மாதிரி ஒரு நொடி நின்றது, அப்புறம் ஒன்றும் அறியாத பூனை போலப் பழையபடி பெயரைக் கொடு, பாஸ்வேர்டைக் கொடு என்று கேட்டது. வடிவு கொடுத்தாள். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டாள். விரல்கள் தானாகப் போய் எழுத்துகளைத் தட்டின. வருஷக்கணக்காகப் பத்திரம் டைப் அடிக்கிற விரல்கள், ‘கீழ்க்கண்ட நான்கெல்லைக்கு உட்பட்ட மனை’ என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற விரல்கள், போயும் போயும் ஒரு பாஸ்வேர்டிலா பிசகப் போகின்றன. ஆனாலும் பிசகியிருக்குமோ. பெரிய எழுத்துப் பொத்தான் அமுங்கிக் கிடக்கிறதோ. இல்லை, அதன் விளக்கு அணைந்துதான் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே பாஸ்வேர்டைப் போட்டு, பத்திர ஆபீஸ் ஸ்டெல்லாவை வீடியோவில் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தாளே, அப்போது தட்டின மாத்திரத்தில் உள்ளே விட்டதே இந்த ஆப். ஸ்டெல்லாகூட, “யக்கா, ஒங்க தல பாதிதான் தெரியி, கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க” என்றாள். அதற்காக நாற்காலியைப் பின்னால் தள்ளி, தள்ளினதில் சுவர் தெரிகிறதே என்று சுவரில் தொங்கின சாமி காலண்டரையும் கழற்றி பீரோவுக்குள் வைத்தாயிற்று. முறுக்கின மீசையும் ஓங்கின அரிவாளுமாக நிற்கிற சுடலைமாடனைப் பார்த்துப் பிள்ளை மிரண்டுவிடக் கூடாதே. சாமி கோவித்துக்கொண்டதோ. அதுதான் இந்தச் சோதனையோ. சீ, சுடலைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம், எல்லாம் இந்த மனசு பண்ணுகிற கூத்து. சக்கரம் சுற்றியது. நின்றது. பெயரைக் கொடு.

பிள்ளை உட்கார்ந்திருப்பாள். அதைத்தான் நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து வைராக்கியமாக இருந்தாள், அது வைராக்கியத்தையும் தாண்டிக்கொண்டு வந்து நின்றது. ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு இல்லம், அதில் ஒரு ஆபீஸ் அறை, அறையில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு எதிரே ஒரு நாற்காலி, நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் செவ்வந்தி. ஆறு வயசு. போட்டோவில் பார்த்ததுதான், முன்பல் ஒன்று இல்லை, எண்ணெய் வைத்து ஒட்டச் சீவின தலை, போட்டோ எடுக்கிறவரை நம்பாத ஒரு பார்வை. தத்துக்கு எழுதிப் போட்டு வருஷம் போன போக்கில் போய், அவர்கள் முறை வந்து, பிள்ளையின் படமும் விவரமும் வந்து, இவர்கள் சரி என்று சொல்லி, எல்லாம் ஆயிற்று. இனி பிள்ளை இவர்களைப் பார்க்க வேண்டியது பாக்கி. இல்லத்தின் புஷ்பலீலா மேடம் போனில் தெளிவாகத்தான் சொன்னார். “மேடம், இவ கைக்குழந்தை இல்ல, விவரம் தெரிஞ்ச பிள்ள. அவ ஒங்களப் பாத்து, பேசி, சரின்னா மட்டுந்தான் நேர்ல வரச் சொல்லுவோம்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். மேற்கொண்டும் சொன்னார். இதற்கு முன்னால் ஒரு குடும்பம் இதே மாதிரி வீடியோவில் வருகிறோம் என்று சொல்லியிருந்ததாம். பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு, தலையில் பூ வைத்து, உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்கள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததாம், கூப்பிட்டதற்கு எழுந்திருக்க மாட்டேன் என்றதாம். “இன்னொரு தடவ அவள அப்படி உக்கார வைக்க எங்களுக்கு மனசு இல்ல மேடம். இந்தத் தடவையும் நடக்கலன்னா, கொஞ்ச காலத்துக்கு யாருக்கும் அவளக் காட்டறதா இல்லைன்னு பெரிய மேடம் சொல்லிட்டாங்க.” வியாழக்கிழமை காலை பதினோரு மணி. அந்த வியாழன் இதுதான். அந்தப் பதினோரு மணி, இதோ, வாசலுக்கு வந்துவிட்டது.

“என்ன, வந்துட்டாளா?” என்று நயினார் கேட்டார். கட்டினவருக்கு இந்தக் கேள்வியைத் தவிர வேறு கேள்வி இன்றைக்கு வாயில் வராது போல. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கல்யாணத்துக்குப் போகிற மாப்பிள்ளைத் தோழன் கணக்காக அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார், சட்டை கசங்கிவிடுமாம். “வந்தா சொல்லமாட்டேனா, செத்த சும்மா நில்லுங்க” என்றாள். சொன்ன பிறகு பாவமாக இருந்தது. பாவம் பார்க்க நேரமில்லை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றைத் தாண்டி முள் போய்க்கொண்டிருந்தது.  அப்புறம், வழக்கம்போல, கழித்துப் பார்த்தாள். இந்த வீட்டில் கடிகாரம் கால் மணி நேரம் வேகம். புது பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர் நயினார். டிரைவர்களோடு ஒரு நிமிஷத்துக்கு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, எங்கே தானே பிந்திவிடுவோமோ என்கிற பயம் மனுஷனுக்கு ரத்தத்தில் ஊறிப் போயிற்று. சுவர்க் கடிகாரம், அலாரம், கையில் கட்டியிருக்கிற வாட்ச் எல்லாம் கால் மணி முந்தி ஓடும். வீட்டு டைம் என்று அதற்குப் பெயர். வந்த புதிதில் வடிவுக்குச் சிரிப்பாக வரும். எல்லாருக்கும்தான் தெரியுமே, எல்லாரும்தான் மனசுக்குள் கழித்துக்கொள்கிறோமே, அப்புறம் எதற்கு இந்த வேஷம் என்று கேட்பாள். “கழிக்கிறதுக்கு முந்தி ஒரு பதட்டம் வருதுல்லா, அது போதும்” என்பார். வந்தது அந்தப் பதட்டம். போகத்தான் மாட்டேன் என்கிறது. கழித்தால் இன்னும் பதினொன்று ஆகவில்லை, கழிக்காவிட்டால் எப்போதோ ஆகிவிட்டது, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அவள் உட்கார்ந்திருந்தாள், உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

ஆப்பை மூடித் திறந்தாள். மோடத்தின் வயரைப் பிடுங்கிச் சொருகினாள். அதன் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாமல், எரிந்தன. நெட் இருக்கிறது. மெயில் திறக்கிறது. மெயிலில் புஷ்பலீலா மேடம் அனுப்பின லிங்க் இருக்கிறது, நீல நிறத்தில், அடிக்கோடு போட்டு, இந்தா பிடி என்று. தொட்டால் ஆப் வருகிறது. ஆப் வந்தால் நீ யார் என்று கேட்கிறது. சொன்னால் நம்பமாட்டேன் என்கிறது. நீ யாரு. இதே கேள்வியைத்தான் நயினாரின் அக்கா போன மாசம் கேட்டுவிட்டுப் போனார், இதே அறையில், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குரலில் அக்கறையைக் குழைத்து. “நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒரு பிள்ளையக் கொண்டாந்து வளக்கே, சரி. நாளைக்கு அது வளந்து நின்னு ‘நீ யாரு’ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டா என்ன பதில் வச்சிருக்கே?” வடிவு சிரித்து மழுப்பினாள். அந்த மதினி போன பிறகு டம்ளரைக் கழுவும்போது கழுவிக்கொண்டே இருந்தாள். மூன்று முறை வயிற்றில் தங்கிற்று, மூன்று முறையும் நான் வரவில்லை என்று போய்விட்டது. அதற்கப்புறம் டாக்டர் வேண்டாம் என்றார், கோயில் குளம் வேண்டாம் என்று இவளே சொன்னாள். வேண்டாம் என்று சொல்லப் பழகின மனசு ஒரு மாதிரி சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். காலையில் டீ, அப்புறம் பத்திரம், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம். யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள், ‘இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’, ‘மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை’. மனைக்கு எழுதலாம் அப்படி. பிள்ளைக்கு யார் எழுதுவார்கள். ஆறு வருஷம் எங்கெங்கோ இருந்துவிட்டு வருகிற பிள்ளை, அதற்குள் என்ன என்ன பார்த்ததோ, யார் யார் மடியில் தூங்கினதோ, ராத்திரி யார் பெயரைச் சொல்லி அழுமோ. நல்ல சோறு போடலாம், நல்ல பள்ளிக்கூடம் சேர்க்கலாம், கோபம் வந்தால்? ஒரு நாள் தலைவலியில், அலுப்பில், வாய் தவறி ஒரு சொல் விழுந்துவிட்டால்? பெற்றவள் சொன்னால் அது திட்டு, இவள் சொன்னால் அது வேறு. பயமாக இருந்தது வடிவுக்கு.  சக்கரம் சுற்றியது, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், சுற்றட்டும் என்று தோன்றியது.

சுற்றட்டும் என்றா தோன்றியது? வடிவு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். யார் நினைத்தது அதை. சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். “போன்ல வந்தா என்ன?” என்று நயினார் ஆரம்பித்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அவளுடைய போனை மாவாட்டும்போது கிரைண்டருக்குள் தவறவிட்டதிலிருந்து காமிரா இரண்டும் கருப்படித்துக் கிடக்கின்றன, அதில் வந்தால் குரல் மட்டும்தான் போகும். கருப்புக் கட்டத்துக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல், ‘கண்ணு, நான்தாம்மா’ என்று. ஏற்கெனவே வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அதையா காட்டுவது. “முகம் தெரியணும்ங்க, மொதத் தடவ” என்றாள். “தெரியணும், தெரியணும்” என்று நயினார் தலையை ஆட்டினார், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். “அந்த மேடத்துக்கு ஒரு போனப் போட்டு, செத்த பிந்தும்னு சொல்லிருவமா?” நல்ல யோசனை. அவருக்கும் சமயத்தில் நல்ல யோசனை வரும். போனை எடுத்து அடித்தாள். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அங்கே போனை எங்கேயோ வைத்துவிட்டுப் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருப்பார். பூ வைத்துக்கொண்டிருப்பார். போன தடவை வைத்த மாதிரி வேண்டாம் என்று பிள்ளை சொல்லியிருக்குமோ. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏறு, உக்காரு, இப்ப வந்துருவாங்க என்று சொல்லியிருப்பார்கள். போன தடவையும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள். இப்ப வந்துருவாங்க. எவ்வளவு சாதாரணமான வார்த்தை, பஸ் ஸ்டாண்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை பேரிடம் சொல்கிறார்கள். போனை வைக்கும்போது அதில் மணி பார்த்தாள், பதினொன்று ஆக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அதைப் பார்த்த கண்ணோடு சுவரைப் பார்த்தாள், சுவர் எப்போதோ எல்லாம் முடிந்துவிட்டது என்றது.  தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்த நேரம் பார்த்து உள்ளே விட்டுவிடுமோ என்று எழுந்திருக்கவில்லை.

பாஸ்வேர்டை மாற்றிப் பார்க்கலாம். வேண்டாம், மாற்றினால் அதற்கு ஒரு ஓ.டி.பி. நம்பர் அனுப்புவான், அது வந்து, அதைப் போட்டு, புதுசு என்ன வைத்தோம் என்று மறந்து, வம்பு. ஆப்பையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். மறுபடி தட்டினாள். சக்கரம். பெயரைக் கொடு. இந்தத் தடவை, எழுத்துக் கட்டங்களுக்கு வெகு கீழே, திரையின் அடியில், சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து ஒன்று கண்ணில் பட்டது. இவ்வளவு நேரம் அங்கேதான் இருந்திருக்கும். பத்திரத்தில் பொடி எழுத்தில்தான் விஷயமே இருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் இதைப் பார்க்கவில்லை. ‘மேலும் அறிய’ என்கிற மாதிரி இரண்டு சொல், இங்கிலீஷில். தொட்டாள். ஒரு வரி விரிந்தது. மெல்ல, உதடு அசையாமல் படித்தாள். உங்கள் கம்ப்யூட்டரின் நேரமும் எங்கள் நேரமும் ஒத்துப்போகவில்லை, அதனால் உள்ளே அனுமதிக்க முடியவில்லை, நேரத்தைச் சரிசெய்துவிட்டு வரவும். திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே ஓடிக்கொண்டிருந்த நேரத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். இரண்டும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரம் காட்டின. அதனால்தான் இத்தனை நேரம் பார்த்தும் உறைக்கவில்லை. சுவர் சொல்வதையே இதுவும் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும். காலையில் கரண்ட் போய் வந்தது. இது பழைய மெஷின், உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்குமாம், அது செத்து நாளாயிற்று, கரண்ட் போனால் தேதி நேரம் எல்லாம் மறந்து ஏதோ ஒரு பழைய ஜனவரி ஒன்றாம் தேதியில் போய் விழித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் வடிவுதான் தன் போனைப் பார்த்து நேரம் வைப்பாள். இன்றைக்கு அவள் குளித்துக்கொண்டிருந்தாள். ஆக, வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். வீட்டு டைம். மனுஷன் கம்ப்யூட்டருக்கும் வீட்டு டைம் வைத்திருக்கிறார். உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு காரியம் நடக்காது.

“என்ன போட்டிருக்கான்?” நயினார் குனிந்தார். அவருக்குப் பொடி எழுத்து தெரியாது, கண்ணாடியும் போடவில்லை, கண்ணாடி போட்டால் பிள்ளைக்கு வயசானவராகத் தெரியும் என்று கழற்றி வைத்திருந்தார். “ஒண்ணுமில்ல” என்றாள் வடிவு. சொன்ன பிறகுதான் சொன்னதே தெரிந்தது. ஒண்ணுமில்ல. மவுஸிலிருந்து கை விலகி மடியில் போய்க் கிடந்தது. ஒரு நிமிஷ வேலை. மூலையில் தொட்டால் நேரம் வரும், நேரத்தைத் திருத்தினால் கதவு திறக்கும், திறந்தால் பிள்ளை. திருத்தாவிட்டால்? திருத்தாவிட்டால் மெஷின் பழசு, கரண்ட் கட், நெட் சரியில்லை, நாங்கள் என்ன செய்வோம் மேடம். ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. மதினி ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்பார். நயினார் ரெண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்ட் கதையை ஆரம்பிப்பார். காலையில் டீ, அப்புறம் பத்திரம், மத்தியானம் குட்டித் தூக்கம். யாரும் வந்து நின்று நீ யாரு என்று கேட்கமாட்டார்கள். சுற்றட்டும் என்று நினைத்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. காலையிலிருந்து ஒவ்வொரு தடவை சக்கரம் நின்று பழைய பக்கம் வந்தபோதும், பதறினது ஒரு வடிவு, அப்பாடா என்றது இன்னொரு வடிவு, அந்த இரண்டாமவள் சத்தம் போடாமல் உள்ளே உட்கார்ந்து காரியம் பார்த்திருக்கிறாள். இப்படியும் ஒரு ஜென்மமா நான். அந்தக் குடும்பம், போன தடவை வராத அந்தக் குடும்பம், எத்தனை ராத்திரி படுத்துக்கொண்டு அவர்களைத் திட்டியிருப்பாள், மனுசங்களா அவங்க என்று. அவர்களும் ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையும் இப்படித்தான் மடியில் போய்க் கிடந்திருக்கும். ஒன்றும் பெரிதாகச் செய்திருக்கமாட்டார்கள், கையை எடுக்காமல் இருந்திருப்பார்கள், அவ்வளவுதான், அங்கே ஒரு பிள்ளை சாப்பாட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தது.

பிள்ளை உட்கார்ந்திருப்பாள். கால் எட்டாமல். வடிவுக்குத் தன் மேல் ஒரு ஆத்திரம் வந்தது பாருங்கள், அந்த ஆத்திரம் பயத்தைக் கழுத்தைப் பிடித்து ஓரமாகத் தள்ளிற்று. போகவில்லை பயம், அங்கேயே ஓரத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டுப் போகட்டும். “காலையில கரண்ட் வந்ததும் இதுல டைம் வச்சது நீங்கதான?” என்று கேட்டாள். “ஆமா, நான்தான். கெடியாரத்தப் பாத்து அச்சா வச்சேன்” என்று நயினார் பெருமையாகச் சொன்னார். சொல்லி முடிக்கும் முன் அவர் முகம் மாறியது. பஸ் நேரத்திலேயே வாழ்கிற மனுஷன், அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். “அதனாலயா விடமாட்டேங்கான்?” என்றார். “பிந்திரக் கூடாதேன்னுதான் வடிவு... இன்னைக்காவது பிந்திரக் கூடாதேன்னு...” திரையைப் பார்க்க மாட்டாமல் வாட்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். இத்தனை நேரம் பின்னால் நின்று அவரும் இதே பயத்தைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறார், அதற்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு. திட்ட வாய் வரவில்லை. “சட்ட கசங்கினா கசங்கட்டும், வந்து பக்கத்துல உக்காருங்க” என்றாள். மூலையைத் தொட்டாள். போனைப் பார்த்து நேரத்தைத் திருத்தினாள். கம்ப்யூட்டர் கால் மணி நேரம் பின்னால் வந்தது. பெயர். பாஸ்வேர்டு. சக்கரம் பாதி சுற்றுதான் சுற்றியது.

திறந்துவிட்டது. முதலில் இவர்கள் முகம்தான் தெரிந்தது, ஒரு கட்டத்துக்குள், ஒட்டி உட்கார்ந்த இரண்டு பேர், வெளுத்துப் போய், பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தவர்கள் மாதிரி. கொஞ்சம் சிரிக்கலாமே என்று வடிவு நினைத்தாள், உதடு கேட்கவில்லை. பதினொன்று அடித்திருக்கும். அடித்து ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், அதற்குமேல் இல்லை. அப்புறம் பக்கத்துக் கட்டம் மினுங்கி, கருத்து, வெளுத்து, ஒரு அறை வந்தது. பச்சைச் சுவர். மேஜை ஓரம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.  போய்விட்டாள். உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நான் மடியில் கையை வைத்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில் போய்விட்டாள். நயினார் அவள் முழங்கையைப் பிடித்தார். “மேடம்?” என்று அவர் கூப்பிட்டார். புஷ்பலீலா மேடத்தின் முகம் பக்கவாட்டில் வந்து திரையை அடைத்தது. “வணக்கம் சார், வணக்கம் மேடம். வந்துட்டீங்களா, நல்லது. போன் பண்ணியிருந்தீங்க போல, இப்பத்தான் பாத்தேன்.” வடிவு கேட்டாள், கேட்கவே பயந்து கேட்டாள், “பிள்ள போயிட்டாளா மேடம்? நாங்க பிந்திட்டமா?” மேடம் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ எங்கயும் போகல. இங்க வந்து உக்காரவே இல்ல மேடம். காலையில இருந்து சொல்லிப் பாத்துட்டோம். புதுக் கவுனும் வேண்டாம்ட்டா. ‘அவங்க வந்தப்பறம் என்னையக் கூப்புடுங்க’ன்னு கதவுக்குப் பின்னாடி நிக்கிறா.”

வடிவு அந்த வெறும் நாற்காலியைப் பார்த்தாள். உட்கார்ந்திருப்பாள், உட்கார்ந்திருப்பாள் என்று எத்தனை நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்தாள். உட்காரவே இல்லை. ஆறு வயசில் ஒரு பிள்ளைக்கு இது தெரிந்திருக்கிறது, முதலில் போய் உட்காரக் கூடாது என்று. யார் சொல்லிக் கொடுத்தது. நாங்கதான், வேறு யார், எங்களை மாதிரி நாலு பேர்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதால் பிள்ளை பார்க்கிற முதல் முகம் அழுகிற முகமாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். “செவ்வந்தி, வந்துட்டாங்கம்மா. வந்து பாரு” என்று மேடம் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். ஒரு கதவு கிறீச்சிட்டது. கட்டத்தின் ஓரத்தில், பழைய ஊதாச் சட்டையின் ஒரு தோள்பட்டையும் ஒரு கண்ணும் மட்டும் வந்து நின்றன. அந்தக் கண் திரையை வெகு நேரம் பார்த்தது. நயினார் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பிள்ளை பேசினாள், இவர்களிடம் இல்லை, மேடத்திடம். “இது அவங்களா, போட்டோவா?” மேடம் சிரித்தார். “அவங்கதான்டா.” “அப்ப ஏன் அசையாம இருக்காங்க?”  காலையிலிருந்து வடிவு சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போயிற்றோ. “கையத் தூக்கச் சொல்லுங்க” என்றாள் பிள்ளை. மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் வடிவு கையைத் தூக்கிவிட்டாள், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி, தலைக்கு மேலே, நேராக. “அவரையும்” என்றாள் பிள்ளை. நயினார் இரண்டு கையையும் தூக்கினார். வாட்ச் முழங்கை வரைக்கும் வழுக்கி இறங்கியது. அவர் அழுதுகொண்டிருந்தார், அவருக்கு அது தெரியவில்லை.

இன்னொரு கண்ணும் வந்தது. மூக்கு வந்தது, முழு முகமும் வந்தது. முன்பல் இல்லாத இடத்தில் இப்போது புதுப்பல் ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், இவர்கள் கையையே பார்த்தபடி. இவர்கள் கையை இறக்கவில்லை. வடிவுக்குத் தோள் கடுத்தது, விரல் நுனி மரத்தது, நீ யாரு என்று கேட்டாலும் கேட்டுக்கொள்ளட்டும், கேட்கிற அன்றைக்கு இங்கேயே இருக்கிறேன் என்று நினைத்தாள். பிள்ளை நாற்காலியில் ஒரு முழங்காலை வைத்து ஏறினாள். திரும்பி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லைதான்.

“வலிக்கும்ல” என்றாள் செவ்வந்தி. “கையக் கீழ போடுங்க.”